பத்தாம் நம்பர்

இத்தாலியின் பத்தாம் நம்பர் பெனால்டி அடிக்க ஓடி வந்தபோது ஞானசுந்தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. ஜெயகுமாரி கணவரை ஜீப்பில் ஏற்றி ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

பிரஷரைப் பார்த்த டாக்டர் அவளிடம் கோபித்துக்கொண்டார். "ஸ்டென்ட் வெச்ச ஆளு. உலகக் கோப்பை மேட்ச் பார்க்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா!"

"புது மேட்ச் ஒண்ணுகூடப் பார்க்க வுடலீங்க."

"அப்ப இது?"

"தொண்ணூத்தி நாலாம் வருசத்து பைனலுங்க. பழசுன்னா பதறமாட்டாருன்னு நான்தானுங்க போன்ல போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் கட்டிலில் கிடந்தவரிடம் திரும்பினார். "பந்து வெளியே போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் ஞானசுந்தரம். "அடிக்க வந்த மனுசனுக்குத் தெரியாதுங்களே."