சுற்று வழி

"முதல்ல இந்த ஆள்கிட்டேருந்து சாவியை வாங்குங்கம்மா! இனிமே இவர் எந்த வண்டியையும் தொடக் கூடாது."

புகார் சொல்ல வந்திருந்த கம்பெனி மேனேஜர் டாக்ஸி ஆபீஸ் மேஜையில் ஓங்கி அடித்த அடியில், முதலாளியம்மாவின் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

டிரைவர் குனிந்து அதை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"என்ன சார் நடந்தது?"

"என்ன நடக்கணும்? எங்க அப்பா வீட்டிலேருந்து மூட்டுவலி டாக்டர்கிட்ட நாலே கிலோமீட்டர். வாரத்துல மூணு நாள் இவர்தான் கூட்டிட்டுப் போறார். பில்லைப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் பதினஞ்சு! தனியா இருக்கிற வயசானவர், ஏன்னு கேட்க ஆளில்லைன்னு நினைச்சுட்டார்!"

ஆளில்லாமல் என்ன? பெற்ற பிள்ளைதான் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டாரே! அப்பா வீட்டு வாசலை மிதித்து நாலு மாதம் ஆகிறது, அது வேறு விஷயம். பில் மட்டும் மாதம் தவறாமல் கண்ணில் பட்டுவிடும்.

"ஏன் சுத்திப் போனீங்க? சொல்லுங்கண்ணே," என்றாள் முதலாளியம்மா. "ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வைக்கிறீங்க. இந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"சொல்ல முடியாதும்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அடேயப்பா! பண்றது பித்தலாட்டம், இதுல வாக்கு வேறயா?" மேனேஜர் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அப்பாதான்.

"அப்பா, ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. மூச்சு விடக்கூட நேரமில்லை. அப்புறம் கூப்பிடறேன்."

எப்போது கூப்பிட்டாலும் இதே பாட்டுதான். போனை வைத்துவிட்டு, டாக்ஸி ஆபீஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வண்டி எங்கெங்கே போச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பதிவாகும் இல்லையா? போட்டுக் காட்டுங்க. இவர் வண்டவாளம் வெளியே வரட்டும்."

"வேண்டாம் சார்!" டிரைவர் பதறிப்போனார். "நான் வேலையை விட்டே போயிடறேன். அதை மட்டும் பார்க்க வேண்டாம்." சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பார்த்தீங்களா? எப்படி வேர்க்குது பாருங்க! போடுங்கம்மா நீங்க."

முதலாளியம்மா போட்டாள்.

"எல்லா நாளும் ஒரே இடத்துலதான் சார் நிக்குது. பதினோரு மணிக்கு. பத்து நிமிஷம்."

"ஏதாவது மதுக்கடை வாசலா இருக்கும். பெரியவரை வண்டியில உட்கார வச்சுட்டு, இவர் உள்ளே போய் ஊத்திக்கிட்டு வர்றார்!"

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். புருவம் சுருங்கியது. மேனேஜர் வந்ததும் கெத்தாக நீட்டிய விசிட்டிங் கார்டை எடுத்து, அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார்... இது உங்க ஆபீசுக்கு நேர் எதிர்ல இல்ல?"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. பதினோரு மணி. கூட வேலை செய்கிறவர்களோடு ஆபீஸ் வாசலில் சிகரெட், அரட்டை, சிரிப்பு. அரை மணி நேரத்துக்குக் குறையாது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? டிரைவர் மெதுவாகச் சொன்னார்.

"பெரியவர்தான் சார் அங்கே நிறுத்தச் சொல்வார். உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, உள்ளேருந்தே உங்களைப் பார்த்துட்டு இருப்பார். நீங்க வாய்விட்டுச் சிரிக்கிறதைப் பார்த்தாத்தான் அவருக்கு நிம்மதி. 'அப்பாடா, என் பிள்ளைக்கு இன்னிக்காவது மூச்சு விட நேரம் கிடைச்சுதே, நீ வண்டியை எடுப்பா'ம்பார்."