கடகட சத்தம்

"வந்துட்டாரு உங்க ஓசிக் கஸ்டமர்!"

ஜன்னலில் நின்று அவள் முணுமுணுத்து முடிப்பதற்குள், பின்தெரு வாத்தியாரின் புது எலெக்ட்ரிக் கார் கடகடவென்று வாசலில் வந்து நின்றது.

அவள் புருஷன் பல் டாக்டர். ஆறு நாள் ஊரார் வாயில் கை விடுகிறவருக்கு, ஏழாம் நாள் பானெட்டுக்குள் கை விடாவிட்டால் கிறுக்குப் பிடித்துவிடும். வாத்தியாரின் பழைய பெட்ரோல் காரைப் பத்து வருஷமாக இவர்தான் பிரித்து மேய்ந்தார்.

போன மாசம் வாத்தியார் அதை விற்றுவிட்டார். புதுசோ ஆயில் இல்லாத, பிளக் இல்லாத வண்டி. இனியாவது ஞாயிற்றுக்கிழமை புருஷன் தனக்கு மிஞ்சுவார் என்று அவள் நினைத்தாள்.

எங்கே? இது நாலாவது வாரம்.

"டாக்டர், மறுபடி அதே சத்தம்..."

"பார்த்துடலாம் சார்!" ஜாக்கி எடுக்க ஷெட்டுக்கு ஓடினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தாள்.

"சார், கம்பெனி சர்வீஸ்ல காட்டக் கூடாதா? மனுஷனுக்கு இருக்கறதே ஒருநாள் லீவு!"

வாத்தியார் ஷெட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வண்டிக்கு ஒண்ணுமில்ல. வீல் கப்புக்குள்ள நான்தான் நாலு கல்லைப் போட்டுக்கிட்டு வர்றேன்."

"என்னது?"

"தெருவே எலெக்ட்ரிக்குக்கு மாறிடுச்சு. கடைசியா நானும் மாறின அன்னிக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்பேனரை எல்லாம் துடைச்சுத் துடைச்சு அடுக்கிட்டு இருந்தாரு. மனசு கேக்கல. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

அவள் காபி போட உள்ளே போனாள்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் காருக்கு அடியில் படுத்திருந்தார். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கதை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாத்தியார் கை கழுவ உள்ளே போன நேரம், அவள் குனிந்து கேட்டாள்.

"ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?"

டாக்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நாலு கல்.

"வண்டிக்கு அடியில போன உடனே எடுத்துட்டேன். முதல் வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் இந்தக் கூத்து?"

"வண்டியை உடனே கொடுத்தா உடனே கிளம்பிடுவாரேடி. அவர் வீட்டம்மா போனதுலேருந்து மனுஷன் பேச ஆள் இல்லாம கிடக்கறாரு. இங்க வர ஒரு சாக்கு வேணும்னு, பாவம், கல்லைப் போட்டுக்கிட்டு வர்றாரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, கூச்சப்படுவாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வாத்தியார் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"சரியாயிடுச்சா டாக்டர்?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க சார்? லேசுல போற சத்தமா தெரியல. அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்துடுங்க. சாப்பாடு இங்கதான்!"