கூட்டு வேண்டுதல்

கடற்படைப் பயிற்சி மையத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில், யார் அழுதாலும் முதலில் ஆறுதல் சொல்வது ராயபுரம் தாயம்மாதான். அன்று தென்மாவட்ட வண்ணாரப்பேட்டை ஞானபாக்கியத்திடமிருந்து குரல் பதிவு வந்தது.

“அக்கா, அந்த டிரில் மாஸ்டர் மனுசனே இல்ல. கத்திக் கத்தியே எம்புள்ளைய ஓட விடுதானாம். கால் பூரா கொப்புளம். நான் போய்க் கூட்டிட்டு வந்திரப் போறேன்.”

தாயம்மா உடனே பதில் பதிவு போட்டாள்.

“அவசரப்படாத கண்ணு. எம்புள்ளயும் அதே மைதானத்துலதான் தெனம் வெயில்ல காயறான். நான் தாங்கிக்கினு இருக்கேன்ல?”

“அப்ப எல்லாரும் சேந்து வேண்டிக்குவோம். அந்தப் பாவிக்குத் தொண்டை அடைச்சுப் போகணும்.”

மளமளவென்று கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. தாயம்மா மட்டும் கும்பிடு போடவில்லை. “அக்கா, நீங்க?” என்று ஞானபாக்கியம் விடாமல் கேட்டாள். வேறு வழியில்லாமல் அவளும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். குரல் வெறும் காற்றாக வந்தது.

“அம்மா, தொண்ட கட்டிக்கிச்சு. பசங்களுக்கு ஆர்டர் குடுக்கவே முடியல.”

“குடுக்காத நைனா. ரெண்டு நாளு அவுங்கள உக்கார வையி. கால் கொப்புளமும் ஆறும், உன் தொண்டையும் செரியாப் பூடும்.”

“கொப்புளம் உனக்கு எப்டிம்மா தெரியும்?”

போனை வைத்தவள், குழுவில் பேசினாள்.

“போதும்மா, எல்லாரும் வேண்டுதல நிறுத்திக்குங்க. பலிச்சிடுச்சு.”