ஊதாக் கோட்டு

"கதவைச் சாத்தாதே கெய்லி, என் கால் நடுவுல இருக்கு!"

"எடு காலை. எடுக்கலேன்னா நசுங்கும்."

டோனா எடுக்கவில்லை. காலையிலிருந்து இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர் மழையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். இது கடைசி வீடு. ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. பள்ளியில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு அவள்தான் உதவி ஆசிரியை. தினமும் மூன்று மணி நேர வேலை.

"ஒரே ஒரு கையெழுத்துதான். இலவசச் சாப்பாட்டு விண்ணப்பப் பாரம்."

"சின்ன கிளாசுல எல்லாப் பிள்ளைக்கும்தான் சும்மா போடறீங்க. அப்புறம் எதுக்குப் பாரம்?"

"சாப்பாட்டுக்கு இல்லடி. கஷ்டப்படற வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேருன்னு இதை வச்சுத்தான் கவர்மென்ட் எண்ணுது. அதுக்குத் தக்கபடிதான் பள்ளிக்கூடத்துக்குத் தனியா பணம் வருது. நாளைக்குக் கடைசி நாள். புதுசா பத்துப் பாரம் சேரலேன்னா என் வகுப்பை மூடிடுவாங்க. உன் பையன் ரீஸ் இப்பத்தான் ஒரு வரி சேர்த்துப் படிக்கிறான்!"

கெய்லியின் முகம் சிவந்தது.

"போன வருஷம் என் பெரியவளுக்குப் போட்டுக் குடுத்தேனே, என்ன பண்ணீங்க? அந்தப் பணத்துல, பாரம் குடுத்த இருபத்தாறு பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஊதாக் கோட்டு! மறுநாளே மைதானம் பூரா 'ஓசிக் கோட்டு, ஓசிக் கோட்டு'ன்னு கத்தல். அவ அதைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. அதுக்குப் பதிலா நெத்தியில எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாமே!"

"அது தப்புதான். மொத்தமா வாங்கினா மலிவுன்னு வாங்கிட்டாங்க. பிரிச்சுக் குடுத்தவளே நான்தான், வாயைத் திறக்கலை. இந்த வருஷம் கோட்டு கிடையாது, சத்தியமா."

"உனக்கென்ன, கழுத்துல பள்ளிக்கூடத்துக் கார்டை மாட்டிக்கிட்டு உபதேசம் பண்ணுவே. நான் பிச்சைக்காரி இல்லை, போ!"

டோனாவுக்கும் பொறுமை போய்விட்டது.

"கௌரவத்தை வச்சுக்கிட்டு நாக்கு வழி! பதினாறு வயசுல பஸ் போர்டு படிக்கத் தெரியாம நிப்பான் உன் பையன். உன் வீம்புக்கு அவன் தலையை உருட்டாதே!"

எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகி மூடியது. கெய்லிக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. பேனாவைப் பிடுங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்தா, தொலை!"

திரும்பி நடக்கையில் டோனா தனக்குள் பொருமினாள். நான் ஏழை என்று எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருவார்களாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

தலைமையாசிரியர் பிரிட்சர்ட் அறையில் கதகதப்பாக இருந்தது. பாரங்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே டோனா."

"எல்லா வீட்டுக் கதவையும் தட்டியாச்சு சார்."

"தட்டவே தேவையில்லாத வீடு ஒண்ணு இருக்கு." மேஜை மேல் வெற்றுப் பாரம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். "இங்கேயே படிக்கிற உங்க பொண்ணு மேசிக்கு நீங்க இன்னும் எழுதித் தரலை. மூணு மணி நேரச் சம்பளம்தானே உங்களுக்கு, இலவசச் சாப்பாட்டுக்கு உங்க வீட்டுக்கும் உரிமை இருக்கு. இது இல்லேன்னா வகுப்பும் இல்லை, உங்க வேலையும் இல்லை."

டோனா பாரத்தை அவர் பக்கமே தள்ளினாள். பேனா உருண்டு தரையில் விழுந்தது.

"என் பொண்ணு நெத்தியில எழுதி ஒட்டப் பார்க்கறீங்களா? நான் பிச்சைக்காரி இல்லை சார்!"