கெண்டை மீனுக்கு அஞ்சு மார்க்

"அத்தை, என் படத்துக்கு எத்தனை?"

"அஞ்சுடா! பஸ் ஏறினதுலேருந்து பதினஞ்சு தடவை கேட்டுட்டே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்" என்றாள் கெனியா அத்தை.

"ஒல்ட்ரிக் படத்துக்கு?"

"ஒண்ணு!" என்று பஸ்ஸே கத்தியது.

லெஷெக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்பது சொந்தக்காரர்களைச் சுமந்துகொண்டு, பஸ் போலந்துக் கரையிலிருந்து பாலத்தைத் தாண்டி செக் கரையில் இறங்கியது. அங்கே கலாசார மன்றத்தில் வருடா வருடம் திரைப்பட விழா நடக்கும். சொந்தமாகப் படம் எடுத்தவர்கள் கொண்டு வந்து போடலாம். பார்க்கிறவர்கள் சீட்டில் மார்க் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை வைத்துத்தான் பரிசு.

இரண்டு வருடமாக லெஷெக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு தடவையும் பரிசைத் தட்டிக்கொண்டு போனவன் இந்த ஊர் ஒல்ட்ரிக். இந்த வருடம் லெஷெக்கின் மனைவி யித்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இதுதான் கடைசி. பரிசு வந்தா ஆயுசுக்கும் படம் எடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா கேமராவை மூட்டை கட்டிட்டு என் மீன் கடைக்கு வந்துடணும்."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. லெஷெக் எடுத்த படத்தின் பெயர் 'மூச்சு'. கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீன், அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் ஐம்பது நிமிடம் வாயைத் திறந்து திறந்து மூடும். அவ்வளவுதான் படம். இரண்டாம் பாகம் எடுக்க வேண்டும் என்பதற்காக லெஷெக் அதைச் சமைக்கவும் விடவில்லை. இப்போது ஏப்ரல். குடும்பமே பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறது.

மன்றத்தில் உள்ளூர்க்காரர்கள் இருபது பேர்தான் இருந்தார்கள். விழாவை நடத்தும் வழுக்கைத் தலை லுபோர் மேடையேறி, செக் மொழியில் கடகடவென்று என்னவோ சொன்னார்.

"என்னம்மா சொல்றான்?" என்று அத்தை கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல போடற மாதிரி ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்றாரு அத்தை" என்றாள் யித்கா.

"இதைச் சொல்ல ஒரு ஆளா!" என்றான் லெஷெக்.

முதலில் ஒல்ட்ரிக்கின் படம். தபால்காரரைக் காதலிக்கும் ஒரு நாயின் கதை, மொத்தம் பன்னிரண்டே நிமிடம். தபால்காரர் விடுமுறையில் போனதும் நாய் தபால் பெட்டியைக் கட்டிக்கொண்டு படுத்த இடத்தில் மன்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. லெஷெக் திரும்பி முறைத்தான்.

"சிரிப்பு வந்துடுச்சுடா, நான் என்ன பண்ணட்டும்?" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மார்க் ஒண்ணுதான் போட்டிருக்கேன், இந்தா பாரு."

அடுத்தது கெண்டை. பத்தாவது நிமிடத்தில் மாமா ஒருவர் குறட்டை விட்டார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் மீன் ஒரு குமிழி விட்டது. படம் முடிந்துவிட்டது என்று நினைத்து சித்தப்பா எழுந்து கை தட்டினார். ஆனாலும் விசுவாசம் என்றால் இதுதான்; விளக்கு வந்ததும் நாற்பது பேரும் பென்சிலை அழுத்திப் பிடித்து அஞ்சு போட்டார்கள்.

சீட்டுகளை எண்ணும் நேரத்தில் லெஷெக்குக்கு ஒல்ட்ரிக் மேல் பாவமாகக்கூட இருந்தது. கூப்பிட்டு ஒரு துண்டு சாஸேஜும் ஊறுகாய் வெள்ளரியும் கொடுத்தான்.

"மனசைத் தளர விடாதே தம்பி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஒல்ட்ரிக் ஒன்றும் புரியாமல் வாங்கித் தின்றான்.

லுபோர் மேடைக்கு வந்தார். யித்கா அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தாள்.

"பதினோரு வருஷத்துல இப்படி நடந்ததே இல்லையாம். முதல் பரிசுப் படத்துக்கு அறுபது பேரும் ஒரே மார்க் போட்டிருக்காங்களாம்."

லெஷெக் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு எழுந்தான். உள்ளூர்க்காரர்களும் அஞ்சு போட்டிருக்கிறார்களே! அவன் கண் கலங்கிவிட்டது. மேடைப் படியில் ஒரு காலையும் வைத்துவிட்டான்.

"ஒல்ட்ரிக்!" என்றார் லுபோர்.

"அக்கிரமம்!" என்று லெஷெக் கத்தினான். "எனக்கு நாப்பது பேர் அஞ்சு போட்டதை என் கண்ணால பார்த்தேன்!"

"நாப்பது இல்லீங்க, அறுபது பேரும் உங்களுக்கு அஞ்சுதான்" என்றார் லுபோர், அரைகுறைப் போலிஷில், துக்கம் விசாரிக்கிற குரலில். "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணுதான் ஒசத்தி மார்க். அஞ்சுன்னா ஃபெயில். அதுக்குக் கீழ போட இடமில்ல, இருந்திருந்தா போட்டிருப்பாங்க."

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெஷெக் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யித்கா, நீ பொறந்து வளர்ந்தது இந்த ஊர்லதானே? இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துலதானே படிச்சே? உனக்கு இது தெரியாதா?"

"தெரியாம என்ன?" என்றாள் யித்கா. "பத்துப் பேர் போதும்னு நீங்க சொன்னப்ப, நான் வீடு வீடாப் போய் நாப்பது பேரைத் திரட்டினது வேற எதுக்குங்க?"