சத்தமான காலேஜ்

“உங்க ரசிகர்கள் உச்சத்துக்குப் போனா எவ்வளவு சத்தமா கத்துவாங்க?” என்று கேட்டாள் டெஸா.

கோச் மரியன் சிரித்துவிட்டாள். காலேஜின் கால்பந்து டீமில் சேரும் முன் இடத்தைப் பார்க்க வரும் பெண்கள் பயிற்சி, படிப்பு, விடுதிச் சாப்பாடு என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவள் எடுத்த எடுப்பில் ரசிகர்களிடம் போய்விட்டாள்.

“பக்கத்துல நிக்கிறவ பேசறதே காதுல விழாது. மேல பாரு, பூரா தகரம். என் பொண்ணுங்களைக் கூப்பிடணும்னா நானே கையைத்தான் ஆட்டணும்.”

டெஸாவின் அப்பா கிளென் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். ஒஹையோவில் வீடுகளுக்குக் கூரை போடுவது அவன் தொழில். “நல்ல தகரம்தான். அப்படியே சத்தத்தை எடுத்துக் கீழ கொட்டும்,” என்று சான்றிதழ் கொடுத்தான்.

பெருமை அவனுக்குத் தாங்கவில்லை. “என் ரத்தம் கோச் அவ! சத்தம் இல்லாத மேட்ச் உப்பில்லாத சாப்பாடு எங்களுக்கு.”

எட்டு வயதில் டெஸா பந்தை உதைக்க ஆரம்பித்ததிலிருந்து கிளென் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. கோட்டோரம் மடக்கு நாற்காலியைப் போடுவான். அதில் உட்காரத்தான் மாட்டான். “ஓடுடி! கால்ல என்ன, சிமென்ட்டா?” என்று அவன் போடும் சத்தத்தில் பக்கத்து மைதானத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும்.

ஒரு முறை அவள் பெனால்டியைக் கோட்டை விட்டபோது, “உன்னை வளர்த்ததுக்கு ஒரு கோல்போஸ்ட்டை வளர்த்திருக்கலாம்!” என்றான். மற்ற பெற்றோர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று அவனே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“போன அக்டோபர்ல இவ மூணு கோல் போட்ட மேட்சை நேர்ல பாத்தேன். அப்பவே கண்ணு வச்சுட்டேன்,” என்றாள் மரியன்.

“லாலிபாப் சனிக்கிழமையா!” கிளென் தொடையில் தட்டிக்கொண்டான். “வருஷத்துல ஒரு நாள் பெத்தவங்க யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எங்க லீக்ல ஒரு கூத்து. ஆளுக்கு ஒரு லாலிபாப்பைத் திணிச்சு உக்கார வச்சுட்டாங்க. நான் மட்டும் கத்தியிருந்தேன், அஞ்சு போட்டிருப்பா!”

மரியன் டெஸாவைப் பார்த்தாள். டெஸா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முந்தைய வாரம் பார்த்தது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காலேஜ். இரண்டு முறை சாம்பியன். படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. முதல் நாளிலிருந்தே டெஸாவுக்கு ஆட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோருக்கு ஆட்டக்காரிகளின் பெஞ்சுக்குப் பின்னாலேயே இடம்.

கிளென் அங்கே உட்கார்ந்து, “டெஸா!” என்று சும்மா ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான். மறுகோடியில் பந்தோடு போய்க்கொண்டிருந்தவள் பந்தை நழுவவிட்டுச் சட்டென்று திரும்பினாள். “அடேயப்பா, என்ன தெளிவா கேக்குது!” என்று அவன் பூரித்துப்போனான்.

இங்கே மாலை ஆட்டம் தொடங்குவதற்குள் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் நெரிந்தது. முகத்தில் பச்சைச் சாயம், இடுப்பில் டிரம், காலுக்குக் கீழே அதிரும் இரும்புப் படிகள். டெஸாவைக் கோட்டோரம் மாற்று ஆட்டக்காரிகளோடு நிற்க வைத்தாள் மரியன்.

விருந்தினர் வரிசையிலிருந்து கிளென் கையைக் குவித்து, “டெஸா! அப்பாவைப் பாரு!” என்று கத்தினான். மறுபடியும் கத்தினான். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம், அவள் திரும்பவில்லை.

கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, மழையில் நனைகிறவள் மாதிரி நின்றிருந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு. குழந்தை சொக்கிப்போய்விட்டாள் என்று கிளென் நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்த கையோடு அவள் மரியனிடம் போனாள். “நான் இங்கயே சேர்றேன்.”

“யோசிச்சுக்கோ. முதல் வருஷம் பாதி மேட்ச் பெஞ்சுலதான் இருப்ப. பணமும் பாதிதான் தர முடியும்.”

“பரவாயில்ல.”

வெளியே பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் டிரம் அடங்கவில்லை. கிளென் சாவியைப் போடாமல் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ஆறு மணி நேர ஓட்டம்தானே, ஒரு மேட்ச் விடாமல் வந்துவிடலாம். மீதிப் பணத்துக்கு இன்னும் நாலு கூரை ஏறினால் ஆயிற்று.

“அந்தப் பச்சை மூஞ்சிப் பசங்க பாட்டையெல்லாம் நானும் கத்துக்கறேன். என் குரல் இல்லாம உனக்கு ஆட வராதே, கண்ணு!” என்றான். டெஸா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

“சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. சாம்பியன் டீம். முழுப் பணம். வீட்டுக்குப் பக்கம். அந்தக் காலேஜ்ல அப்படி என்ன குறை?”

டெஸா வண்டிக் கண்ணாடியை ஏற்றினாள். டிரம் சத்தம் அமுங்கியது. பல வருஷத்தில் முதல் முறையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அங்க உங்க குரல் கேக்குதுப்பா.”