நிமிடத்துக்கு ஒன்று

"அக்கா, செத்தது யாரு?"

டயானா கேட்டதும் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். "தெரியலளா" என்றாள், முகத்தைப் பார்க்காமலே.

கோயில் மணி மறுபடி அடித்தது. மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கியது, நிமிடத்துக்கு ஒன்றாக இது எட்டாவது. அந்தக் கடற்கரை ஊரில் அப்படி அடித்தால் சாவு மணி. ஈஸ்டரிலிருந்து ஜெப நேரத்து மணிகளையெல்லாம் கம்ப்யூட்டர் அடித்துவிடுகிறது. சாவுக்கு மட்டும் கோயில்பிள்ளை வில்பிரட்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

ஊரில் யாரும் நோயென்று படுத்திருக்கவில்லை. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் டயானாவின் கணவன் கிளைட்டனோ இரண்டு நாளாகப் போன் பண்ணவில்லை.

"கப்பல்லருந்து சேதி வந்துச்சாக்கா? மறைக்காம சொல்லுங்க."

"நீ மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிளா."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தண்ணி குடிக்கச் சொன்னால் என்ன அர்த்தம்? தெருவில் கூடி நின்ற பெண்களும் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் சொல்ல ஆளில்லை. பாவிகள்! டயானா செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினாள்.

வாசலில் போனும் கையுமாக நின்ற வில்பிரட், அவளைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"யாருக்குலே இந்த மணி?"

"நான் அடிக்கல மைனி."

தலைக்கு மேலே மணி அடித்தது. கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லாத. ஒங்க அண்ணனுக்கு என்னலே ஆச்சு?"

"ஒங்கட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு..." வில்பிரட் நெளிந்தான்.

டயானாவுக்கு அழுகை வெடித்தது. போனைப் பிடுங்கி, திரையில் இருந்த குரல் செய்தியை அழுத்தினாள்.

கிளைட்டனின் குரல்! "ஏலே வில்பிரட்டு, பதறாத. நான் மாட்டிக்குடுத்த மணிக் கம்ப்யூட்டர்ல, ஒரு மணி ஆனா ஒரு தட்டு தட்டட்டும்னு இங்கன கப்பல்லருந்தே கிரான்ங்குத டைமர்ல நேரம் குறிச்சேன். ரெண்டு நாளா அதே வேலைதான். நிமிஷம் போடுத இடத்துல பூஜ்யத்துக்குப் பதிலா நட்சத்திரத்தைப் போட்டுத் தொலைச்சிட்டேன். நட்சத்திரம்னா ஒவ்வொரு நிமிஷமும்னு அர்த்தம். அதான் நிமிஷத்துக்கு ஒண்ணா அடிக்கு. இந்தா நிப்பாட்டிருதேன். ஊருக்கெல்லாம் சொல்லிரு, ஒங்க மைனிகிட்ட மட்டும் சொல்லிராதலே, தெரிஞ்சா எனக்கு நெசமாவே மணி அடிக்க வச்சிருவா!"